வெயிலுக்குத் தகுதி பார்க்கிறவன்

சூரியன் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அதுக்கு வரிச்சலுகை வேணுமெண்டால் என்னட்டைத்தான் வரவேணும். கடை, பக்டரி வைச்சிருக்கிறவை கூரையிலை சோலார் தகடு போட்டால், செலவிலை ஒரு பங்கைக் கனடா அரசாங்கம் வரியிலை கழிச்சு விடும். சட்டம் கேக்கிற தகுதி அந்தக் கூரைக்கு இருக்கோ எண்டு பாக்கிறது என்ரை வேலை.

அரசாங்கத்தின்ரை பதிலுக்குக் காத்திருந்து தேய்ஞ்ச ஆக்கள் நீங்களும் இருப்பியள். நானும் உங்கடை கூட்டம்தான். என்ரை மனுசி சுமதி கிளிநொச்சியிலை பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறா. அவவை இஞ்சை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிப்போட்டு, டோர்செட் பார்க் அபார்ட்மென்டிலை நான் தனியச் சமைச்சுச் சாப்பிடுறன்.

பொட்டு வைச்ச மெஷின்

அஜின்கோர்ட்டிலை ஒரு பலசரக்குக் கடை. சாமான் புதுசெண்டு காட்ட, தகட்டுக் கரண்டை மாத்துற இன்வேட்டர் மெஷின் ஒவ்வொண்டிலையும் இருக்கிற நம்பரை நான் படம் எடுக்கவேணும். போய்ப் பாத்தால், ஐயரைக் கூப்பிட்டுப் பூசை செய்து, நம்பர் இருக்கிற இடமாப் பாத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பி வைச்சிருக்கினம். ஈரத்துணியோடை கிட்டப் போனன். கடைக்கார அன்ரி என்ரை கையைப் பிடிச்சிட்டா.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வைச்ச பொட்டை அழிக்கக் கூடாது தம்பி. திங்கள் வாங்கோ, நம்பர் எங்கை ஓடப்போகுது?"

பழைய தகடு

மிசிசாகாவிலை ஒரு அண்ணை, மூடின பக்டரி ஒண்டிலை இருந்து பாவிச்ச தகடுகளை மலிவா வாங்கி, எல்லாத்தையும் கூரையிலை பூட்டி முடிச்ச பிறகுதான் எனக்குப் போன் அடிச்சார். புதுச் சாமானுக்குத்தான் சலுகை எண்டன். அவர் கூரையை அண்ணாந்து பாத்தார்.

"வெயில் என்ன, பழசு புதுசு பாத்தே தம்பி விழுகுது?"

நல்ல வெயில்

ஸ்காபரோவிலை சாப்பாட்டுக்கடை நடத்துற அங்கிள் ஒருவர் தேத்தண்ணி தந்து, போனிலை ஒரு படம் காட்டினார். நல்ல அகலமான கூரை, பக்கத்திலை தென்னை. "உது எங்கை அங்கிள்?" எண்டன். யாழ்ப்பாணத்திலை அவரின்ரை ஐஸ் பக்டரியாம்.

தகடு கனடாவுக்குள்ளை இருந்தால்தான் சலுகை எண்டு விளங்கப்படுத்தினன். வெளியிலை ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கெண்டால் கையிலை தந்த போனைத் திருப்பிக் குடுக்க மனமில்லை. சுமதி குடை பிடிச்சுக்கொண்டு நடக்கிற வெயில் உது. அவவோடை ஒரு பகல் நடந்தாலே எனக்குப் போதும். அங்கிள் போனை வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார்.

"வரியை இஞ்சை கட்டுறன், வெயில் அங்கை கிடக்கு. நான் என்ன செய்ய?"

சேர்ந்திருக்கிற படம்

போன கிழமை என்னட்டையே ஆதாரம் கேட்டுப் போட்டினம். இமிகிரேஷன் கடிதம். எங்கடை கலியாணம் உண்மையெண்டு காட்ட, ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த படங்கள் இன்னும் வேணுமாம். கலியாணத்துக்கு எடுத்த லீவு முடிய நான் ஓடி வந்திட்டன். அதுக்குப் பிறகு எங்கடை குடும்பம் நடந்ததெல்லாம் போனிலைதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் காருக்குள்ளை இருந்து சுமதிக்குச் சொன்னன். அவையின்ரை மறுமொழி பிழைச்சால் இவ வரவே மாட்டாவோ எண்டு எனக்குப் பயம். அவ என்னைத் திருப்பிக் கேட்டா.

"சேர்ந்து இருக்கிறதுக்குத்தானே அப்பா விசா கேட்டனாங்கள். சேர்ந்து இருந்த படத்தை இப்பவே கேட்டால் நான் எங்கை போக?"

ஆரின்ரையோ கூரைக்கெல்லாம் தகுதி பாத்து எழுதிக் குடுக்கிற நான், என்ரை கலியாணத்துக்குத் தகுதி தேடி இன்னும் அலையிறன்.