நண்டு கீறிய இடங்கள்

அவனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்கு மனம் இளகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். அவன் கட்டடக் கலைஞன். நானும் அவனும் ஒரே காலத்தில் கம்பஸில் படித்தவர்கள். நான் பொறியியல் படித்தேன், அவன் பிறகு வெளிநாடு போய் இன்னொரு பட்டமும் வாங்கி வந்தான். மூன்றாமவர் ஓவியர், காத்தான்குடிக்காரி. எங்கள் இருவருக்கும் மூத்தவர் என்பதால் ராத்தா என்று கூப்பிடுவோம். அமிர்தகழிப் பக்கம், வாவியைப் பார்த்தபடி இருந்த பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, நடு அறையில் பெரிய மேசை ஒன்றைப் போட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்தோம். கட்டடமும் ஓவியமும் பொறியியலும் சேர்கிற இடம் என்று வாசலில் எழுதியும் போட்டோம். அயல் வீட்டுக்காரர்கள் கடைசிவரை அதை ரியூஷன் வகுப்பு என்றுதான் நினைத்தார்கள்.

அந்த மேசைக்கு ஒரு முறை இருந்தது. எந்த வேலையானாலும் மூவரும் ஒரே தாளில் கீற வேண்டும். அவன் கறுப்புப் பென்சிலில், நான் சிவப்பில், ராத்தா பச்சையில். ஒருவர் கோட்டின் மேல் மற்றவர் கோடு ஏறும், வெட்டும், சண்டை பிடிக்கும். யார் செய்தது என்று வெளியே யாராவது கேட்டால் "நாங்க" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவனே அவன்தான். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இன்னொரு பழக்கத்தை ராத்தா கொண்டுவந்தார். கணக்குச் சரிவராத இடத்தில், நிற்குமா விழுமா என்று தெரியாத பொருத்தில், பச்சைப் பென்சிலால் சின்னதாக ஒரு நண்டைக் கீறிவிடுவார். கை வைக்காதே, கடிக்கும் என்று அர்த்தம். நான் கணக்கைத் தீர்த்த பிறகுதான் நண்டை அழிப்போம். அழித்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம்.

பாசிக்குடாவில் விடுதி நடத்துகிற முதலாளி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வாவியில் ஒரு மிதக்கும் மேடை வேண்டுமாம். மாலையில் பாட்டு, ஆட்டம், வெளிநாட்டவர்களுக்குச் சாப்பாடு. நாங்கள் சந்தோஷத்தில் குதித்தோம். ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஒரே தாளின் மீது குனிந்து கிடந்தோம்.

அந்த மேடையின் உயிர் கூரைதான். பாய் இழைக்கிற பன்புல்லை எடுத்து, காற்று உள்ளே நுழைந்து மேலால் வெளியேறுகிற மாதிரி ஒரு பின்னலை ராத்தா கண்டுபிடித்தார். பின்னுவார், பிரிப்பார், தண்ணீரில் ஊறப்போடுவார், திரும்பப் பின்னுவார். விரல் நுனியெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டு எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டார். அந்தப் பின்னலால் என் காற்றுக் கணக்கில் பாதி தானாகவே தீர்ந்தது. இப்படி ஒன்றை நான் எங்கேயும் படித்ததில்லை.

தீராதது தண்ணீர்தான். மாரியில் எங்கள் வாவி நிரம்பி வீதிக்கு ஏறப் பார்க்கும். அப்போது வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள். தேங்கிய தண்ணீர் கடலுக்குப் பாய்ந்து, மட்டம் கடகடவென்று இறங்கும். கரையையும் மேடையையும் இணைக்கிற பாலம் அந்த இறக்கத்தைத் தாங்க வேண்டும். என் கணக்கு தாங்காது என்றது. அதனால் அந்தப் பாலத்தின் பொருத்துகள் எல்லாவற்றிலும் பச்சை நண்டுகள் குந்திக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் கொழும்புச் சஞ்சிகை ஒன்றில் அவனுடைய பேட்டி வந்தது. வாவிக்கரையில் தனியே அமர்ந்திருந்த ஒரு மாலையில் இந்தக் கூரை தன் மனதில் இறங்கியதாம். தனியே! நுளம்புக்குப் பயந்து ஆறு மணிக்கே கதவைச் சாத்துகிறவன் அவன். ராத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைப் பற்றியும் இல்லைதான். ஆனால் என் வயிறு எரிந்தது அந்த விரல்களை நினைத்து.

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பிடி எழுதிட்டாங்க. நான் என்ன செய்ய?"

ராத்தா பேட்டியைக் கடைசி வரி வரை படித்தார். தன் தூரிகைகளைக் கழுவி, துடைத்து, பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் கத்தாத கத்தலையும் சேர்த்து நான்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

கொஞ்ச நாளில் ஓர் அழைப்பு வந்தது. மேடையின் வரைபடங்களை முதலாளி நகரத்து மண்டபமொன்றில் காட்சிக்கு வைக்கிறார். வடிவமைப்பு என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும். விசாரித்தால், எங்கள் தாள்களை அவன் கொழும்பில் பிளான் கீறிக் கொடுக்கிற ஓர் இடத்துக்கு அனுப்பி, மூன்று நிறத்தையும் ஒரே கறுப்பாக்கித் துப்புரவாகக் கீறுவித்திருக்கிறான். என் சிவப்பும் இல்லை, ராத்தாவின் பச்சையும் இல்லை.

"நாம போவம் ராத்தா" என்றேன்.

"போய்?"

"சும்மா பாப்பம்."

சும்மா பார்க்க நான் போகவில்லை. என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவனை அத்தனை பேருக்கு முன்னால் குனிய வைக்காமல் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நல்ல சாரியாக எடுத்து உடுத்தேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். கொழும்பில் கீறியவர்களுக்கு எங்கள் பழக்கம் எப்படித் தெரியும்? கண்ட கோடுகளையெல்லாம் கீறியிருக்கிறார்கள். நண்டுகளையும் கீறியிருக்கிறார்கள். கறுப்பாக, அழகாக, கால்களை எண்ணலாம் போல. பெரிய பலகையில், பாலம் நெடுக, நிற்காத பொருத்து ஒவ்வொன்றிலும் ஒரு நண்டு. பலகைகள் அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கினவாம். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் கண்டுவிட்டான், கழற்ற நேரமில்லை. யாரும் கேட்கக் கூடாது என்று எந்தத் தெய்வத்தை வேண்டிக்கொண்டு நின்றானோ.

அவன் பேசி முடித்ததும் கையை உயர்த்தினேன். தேன் ஒழுகும் குரலில் கேட்டேன். "அந்த நண்டெல்லாம் என்னண்டு ஒருக்கா சொல்லுவீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

"அது... இந்த வாவிக்கு நான் செய்ற மரியாதை. இஞ்ச வாழுற உயிர்களுக்கு..."

முன்வரிசையில் இருந்த முதலாளி கைதட்டினார். "நல்ல யோசினை! இரும்பில செய்து வாசல்லயும் வைப்பம்."

எனக்குப் பக்கத்துக் கதிரை நகர்ந்தது. ராத்தா எழும்பி நின்றார்.

"மரியாதை இல்ல தொர" என்றார் முதலாளியைப் பார்த்து. "அத நான்தான் கீறின. நிக்குமா விழுமா எண்டு தெரியாத இடத்துல நண்டு கீறுற எங்கட பழக்கம். அந்தத் தம்பிக்கும் தெரியும்."

முதலாளி திரும்பிப் பலகையை உற்றுப் பார்த்தார்.

"அப்ப இது நிக்காதா?" என்றார் முதலாளி.

"மத்த நாள்ல நிக்கும். முகத்துவாரம் வெட்டுற அண்டைக்கு நிக்காது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது மடல் சிவந்து, கையிலிருந்த மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நான் கண் கொட்டாமல் பார்த்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் வியாபாரி. பாலத்தைச் சரிசெய்து கொண்டு வந்தால் கட்டலாம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் மேடை அவன் பெயரில்தான் இருக்க வேண்டுமாம். விடுதியின் விளம்பரத்துக்கு வெளிநாட்டுப் பட்டம் வேண்டும். எங்கள் இருவரிடமும் அது இல்லை.

அடுத்த கிழமை அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். ராத்தா மிச்சச் சாமான்களை எடுக்க வந்திருந்தார். அவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"உனக்கு அந்தக் கணக்குச் சரிவந்திட்டு எண்டு எனக்குத் தெரியும்" என்றான் என்னிடம். "அதத் தாடி."

உண்மைதான். சரிவந்திருந்தது. பேட்டி வந்த கோபத்தில் தூக்கம் இல்லாமல் கிடந்தபோது வந்த கணக்கு அது, தாளில் ஏற்றாமல் வைத்திருந்தேன்.

"தாறன். முதல்ல முதலாளிக்குப் போன் எடு. கூரை யார்ட எண்டு சொல்லு. எங்களுக்குக் கேக்கச் சொல்லு."

அவன் எடுத்தான். கொஞ்ச நேரம் வானிலை பற்றிக் கதைத்தான். பிறகுதான் சொன்னான்: "அந்தக் கூரையில ராத்தாவும் உதவி செய்தவ."

உதவி! "வடிவாச் சொல்லு" என்றேன் பல்லுக்குள்.

"நல்லா உதவி செய்தவ."

என் கை மேசையிலிருந்த இரும்பு ரூலரில் இருந்தது. அதை எடுத்து அவன் வாயில் போட்டிருப்பேன், சத்தியமாக. ராத்தா அவன் கையிலிருந்து போனை வாங்கி, மெதுவாக நிறுத்தி, மேசையில் வைத்தார்.

"கணக்கக் குடுக்காத புள்ள" என்றார் என்னிடம்.

"குடுக்கல்ல."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்களுக்கு விளங்குதா? இது கட்டாட்டி உங்கட வேலையும்தான் சாகுது. அந்தக் கூரைய மறுகா யாரும் காணப்போறல்ல."

ஒரு வருடமாக வெடித்துத் தழும்பேறிய விரல்களைக் கோத்துக்கொண்டு ராத்தா நின்றார். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"சாகட்டும் தம்பி, மௌத்தாகட்டும்" என்றார். "பெத்தது நாங்க. நாங்களே அடக்கிறம். நீ மையத்தத் தூக்க வர வேணாம்."

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். வாசல் படலை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு ராத்தா தன் சோற்றுப் பொதியை அவிழ்த்தார். சோற்றில் ஊற்றியிருந்த இறால் ஆணம் மணத்தது. எனக்கும் பகிர்ந்து தந்தார். அவர் அன்று கரண்டி கேட்கவில்லை. இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.