டவாலி முத்திருளனின் மே மாதம்

கொடைக்கானல் பிளம்ஸ் பழத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் சுற்றிச் சுற்றிக் குத்துகிறார் முத்திருளன். ஒரு பழத்துக்குப் பன்னிரண்டு குத்து. குத்தி முடித்ததும் இரண்டு விரலால் அழுத்திப் பார்க்கிறார். சாறு கசிந்தால் பழம் கண்ணாடி பாட்டிலுக்குள் போகும். கசியாவிட்டால் இன்னும் நாலு குத்து. "சும்மா போட்டா சாறு விடாது வாத்தியாரே. கல்லு மாதிரி கெடக்கும்" என்கிறார் என்னிடம். முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அது பாதிதான் கேட்கிறது. அவ்வளவு மெல்லிய குரல்.

மற்ற பதினோரு மாதமும் அந்தக் குரல் வேறு மாதிரி. முத்திருளன் முன்சீப் கோர்ட்டில் டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூவி அழைப்பது வேலை. அவர் கூவினால் வேப்பமரத்தடியில் தூங்குகிறவர் எழுவது மட்டுமல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டலில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பவரும் கை கழுவாமல் ஓடிவருவார். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. காலையில் போய் மேசை நாற்காலிகளைத் தூசி தட்டிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த ஒரு மாதம் தொண்டைக்கும் விடுமுறை என்பது அவராகப் போட்டுக்கொண்ட உத்தரவு. மனைவி தங்கப்பொண்ணிடம் உப்பு கேட்பதுகூட ரகசியம் சொல்வது போலத்தான் கேட்பார். அந்த அம்மாளும் பழகிப்போய், "என்னா, அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்டுரும்னு பயமா?" என்று சத்தமாகவே பதில் சொல்லுவார்.

தொண்டையை ஆற்றத்தான் இந்தக் குளிர்ந்த டீ. குன்னூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு முன்சீப்பின் மனைவி, ஆரஞ்சுத் தோல் போட்டு ஆறவைத்த டீயை ஒரு சித்திரை மாதம் இவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாராம். அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். டீ மட்டும் இவரோடு வில்லாபுரத்துக்கு வந்துவிட்டது. தூளைக் கொதிக்க வைப்பதே கிடையாது. பழைய வேட்டித் துணியில் முடிந்து, மண்பானைத் தண்ணீரில் ஒரு ராத்திரி கிடக்க விடுவார். "டீயை மெரட்டக் கூடாதுங்க. மெரட்டுன சாட்சி மாதிரி கசந்துபோகும்." காலையில் வடித்து, பெட்டிக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற பெரிய பாட்டிலில் ஊற்றி, குத்திய பழத்தையும் எலுமிச்சைத் தோலையும் கொஞ்சம் பனங்கற்கண்டையும் போட்டு மூடினால், உச்சி வெயில் நேரத்துக்குத் தயார். பிறகு சைக்கிளில் போய் மரத்தூள் சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி வாங்கி வருவார். பழங்காநத்தத்தில் முழுக் கட்டியாக ஏறியது வில்லாபுரத்தில் முக்கால் கட்டியாக இறங்கும். மீதிக் கால் கட்டிக்கு யார் மேல் கேஸ் போடுவது என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

பழத்துக்குப் பழம் அவரிடம் தீர்ப்பு உண்டு. பன்னீர் திராட்சை உத்தமம். அன்னாசிக்கு வாய்க்கொழுப்பு, மற்ற எதையும் பேசவிடாது. வாழைப்பழம் தள்ளுபடி. பலாச்சுளையை ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் நுரைத்துப் பொங்கி, மூடியைத் தூக்கிவிட்டது. தங்கப்பொண்ணு அதை அப்படியே தூக்கிப்போய் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டார். அந்த வீட்டில் சாராயத்துக்குக் கிட்டே ஏதாவது வந்தது என்றால் அது ஒன்றுதான்.

சாராயப் பேச்சு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். மதுவிலக்கு அமலில் இருக்கிற ஊரில், ஒரு மனிதர் தேன் நிறத்தில் ஒரு திரவத்தை, அதுவும் பழங்கள் மிதக்க, பெரிய பாட்டிலில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவரைக் கைகாட்டி அழைத்து, காதோரம் குனிந்து, "ஒரு கிளாஸ் போடுறீகளா?" என்று ரகசியக் குரலில் கேட்டால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு அதற்கு அவர் வைத்த பெயர் 'ஊறல்', கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களின் சொல். ஊற வைப்பதால் ஊறல், இதில் என்ன தப்பு என்பார். எதிர்வீட்டுக்குக் குடிவந்த முதல் மே மாதம் என்னையும் அப்படித்தான் அழைத்தார். பசுமலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற நான், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் கிளாஸ் முடியும் வரை எனக்கு உள்ளங்கால் சூடாகத்தான் இருந்தது. இரண்டாவதில்தான் டீ என்று தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவருக்கே விஷயம் தெரியாதாம். வருகிறவர்களும் பதிலுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, கொல்லைப்புற வழி உண்டா என்று விசாரித்தபோதுதான் புரிந்தது. புரிந்த பிறகு அவர் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. "வெறும் வயித்துல வேணாம்", "மெதுவா, மெதுவா" என்று இரண்டு புத்திமதி மட்டும் சேர்த்துக்கொண்டார். மில் மேஸ்திரி ஒருவர் இரண்டாவது கிளாசில் ஆங்கிலம் பேசினார். இன்னொருவர் சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே அவனியாபுரம் வரை போனார். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. "நான் இதை என்னன்னு வாயால சொன்னேனா? சொல்லுங்க" என்று என்னிடம் குறுக்கு விசாரணை செய்வார். தங்கப்பொண்ணுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கவர்மெண்டு வேலையில் இருக்கிறவன் மேல் பொய்யாக ஒரு கேஸ் விழுந்தாலும், அது உடைகிற வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிடுவார்களே என்பார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முத்திருளனுக்குப் பாட்டிலைத் துடைக்கிற வேலை வந்துவிடும்.

தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் சுடலை. முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். தெருமுனையில் புண்ணாக்குக் கடை வைத்திருக்கும் நல்லகாமனின் மருமகன், வீட்டோடு மாப்பிள்ளை. பதினோரு வருசமாக அந்தக் கடையில் எடை போடுகிறார். மதுரையில் பஸ் கண்டக்டர் முதல் பழக்காரன் வரை எல்லாரும் எல்லாரையும் 'மாப்ள' என்கிறார்கள். நல்லகாமனும் அப்படித்தான், ஊரில் பாதிப் பேர் அவருக்கு மாப்ளதான். சொந்த மருமகனை மட்டும் 'இந்தா' என்பார். இந்தா, மூட்டையை இறக்கு. இந்தா, தராசைத் துடை. சுடலை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். மூன்று கோடையாக இதுதான் வழக்கமாக இருந்தது.

போன வருசம், எழுபத்தெட்டு மே மாதத்தில், ஒரு நாள் சுடலை மூன்று கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். எழுந்தபோது தள்ளாடினார். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி, கடைக்கு முன்னால் போய் நின்று, நாலு பேர் பருத்திக்கொட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போது மாமனாரைப் பார்த்து, "இனிமே என்னைய இந்தா நொந்தான்னு கூப்புடாதீக. மாப்ளன்னு கூப்புட முடியாட்டா பேரைச் சொல்லிக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தெரு முழுக்கச் செய்தி பரவியது. முத்திருளன் அன்று சிரித்த சிரிப்பில் தொண்டையின் ஒரு வார விடுமுறை வீணாகிப் போயிருக்கும்.

மறுநாள் மதியம் நல்லகாமன் ஏட்டு மொக்கையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால், தலையைத் தொங்கப்போட்டபடி சுடலை. சத்தம் கேட்டு நானும் போனேன். தங்கப்பொண்ணு வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட, ஏட்டு உட்கார்ந்தார். பாட்டில் அவர் எதிரே இருந்தது. என்ன இது என்று கேட்டார். பழக்கதோஷம், முத்திருளனின் வாயில் ரகசியக் குரலில் "ஊறலுங்கய்யா" என்று வந்துவிட்டது. உடனே தவறு தெரிந்து, டீ ஐயா, வெறும் டீ என்றார். ஏட்டு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பொடி போட்டுப் போட்டு மரத்துப்போன மூக்கு, ஒன்றும் தெரியவில்லை. குடித்துப் பாருங்கள் என்றேன். டூட்டியில் இருக்கும்போது குடிப்பதா என்று என்னை முறைத்தார். நான் சாட்சி சொல்கிறேன் என்றதற்கு, நீங்களும் இங்கே குடிக்கிற ஆள்தானே, உங்கள் சாட்சி செல்லாது என்றார்.

கேஸ் எழுதி, பாட்டிலுக்கு அரக்கு வைத்து, பரிசோதனைக்கு அனுப்புவதுதான் முறை என்று காகிதத்தை விரித்தார் ஏட்டு. முடிவு வர மூன்று மாதமோ நாலு மாதமோ ஆகும். முத்திருளன் கதவுப் பக்கம் திரும்பினார். தங்கப்பொண்ணு அங்கே நின்றிருந்தார். இத்தனை வருசத்தில் முத்திருளனுக்கு நாக்கு வறண்டு நான் பார்த்தது அன்றுதான். எதிரே பாட்டில் நிறைய டீ இருந்தது.

இங்கே குடித்துப் போதையானதற்கு யார் சாட்சி என்றார் ஏட்டு. நல்லகாமன் சுடலையின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன்தேன். குடிச்சுட்டு வந்து என்னையவே எதுத்துப் பேசுனவன். தெளிஞ்ச புத்தியில இருந்தா பேசுவானா?" ஏட்டு சுடலையைப் பார்த்துப் பரிவாகவே சொன்னார்: பயப்படாதே, உன்மேல் கேஸ் கிடையாது, போதையில் உளறிவிட்டேன் என்று ஒரு வரி சொல், போதும். நல்ல வழிதான். உளறல் என்று ஆகிவிட்டால் மாமனார் மன்னித்துவிடுவார். வீடும் சோறும் பழையபடி இருக்கும்.

சுடலை பாட்டிலைப் பார்த்தார்.

"போதையெல்லாம் இல்லைங்கய்யா" என்றார். "டீத்தண்ணி. மூணு வருசத்துக்கு முந்தி, மொத மடக்குலயே எனக்குத் தெரியும்."

முத்திருளன் சட்டென்று நிமிர்ந்தார். பிறரை ஏமாற்றிக்கொண்டிருந்தவர் தான் ஏமாந்ததைக் கண்டுகொண்டபோது முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "பெறகு எதுக்குய்யா தள்ளாடுன?"

"தள்ளாடலேன்னா அந்த வார்த்தை வராதுங்கய்யா."

நல்லகாமன் மருமகனை உற்றுப் பார்த்தார். "அப்ப நேத்து நீ தெளிவாத்தேன் பேசுனியா?"

"ஆமா மாமா. தெளிவாத்தேன் பேசுனேன்."

சாக்கில் சுற்றிய ஐஸ் உருகி, தண்ணீர் ஏட்டின் பூட்ஸ் வரை வந்துவிட்டது. என்ன அண்ணே, எழுதவா வேண்டாமா என்று கேட்டார் ஏட்டு. நல்லகாமன் மேல்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்கவே வெகுநேரம் ஆனது.

"அதேன் டீத்தண்ணின்னு சொல்றாருல்ல" என்றார், யாரையும் பார்க்காமல். "எழுத வேணாம்."

சொல்றான் அல்ல, சொல்றாரு. அந்த 'ரு' எனக்குக் கேட்டது. சுடலைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

ஏட்டு காகிதத்தை மடித்துப் பையில் செருகினார். டூட்டி முடிந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டு, எழுந்து பாட்டில் பக்கம் போய், தானே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

காலியான நாற்காலியை நோக்கி நல்லகாமன் ஒரு அடி வைத்தார். அதற்குள் முத்திருளன் அதைத் தூக்கிவிட்டார். தோள்துண்டை உருவி, உட்காரும் பலகையை ஒரு தடவை துடைத்தார். முதுகுச் சாய்வையும் துடைத்தார். கொண்டுபோய்ச் சுடலைக்கு முன்னால் போட்டார். மாமனார் நிற்கும்போது உட்கார்ந்து பழக்கமில்லாத அந்த மனிதர், நின்றபடியே வேட்டி நுனியைத் திருகினார். முத்திருளன் அவருடைய தோள் இரண்டையும் பிடித்து, மெல்ல அழுத்தி, உட்கார வைத்தார்.