டைல்ஸ் ராஜாவுக்கு நேர்ந்த தேங்காய்

என் மருமகள் ரோடு டெஸ்டில் பெயிலாகிப் பெயிலாகி வந்தது ராஸ் அல் கைமாவில் எங்கள் கட்டடம் முழுக்கத் தெரியும். ஊரில் ஸ்கூட்டியில் பறந்தவள்தான். இங்கே கார் பழகிய பிறகு ரவுண்டானாவைக் கண்டால் நின்றுவிடுவாள். ஊரிலுள்ள வண்டியெல்லாம் போய் முடிந்தால்தான் நுழைவாள். பக்கத்துக் கண்ணாடியைத் திரும்பியே பார்க்க மாட்டாள். டெஸ்ட் எடுக்கிற அம்மாள் ஒவ்வொரு தடவையும் "மிரர், மிரர்" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போவாளாம்.

அவளுக்கு வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்க்கிற நர்ஸ் வேலை ஒன்று வந்திருந்தது. மாதம் முடிவதற்குள் லைசென்ஸோடு வா, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு டெஸ்ட். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், கையெழுத்தைக் கோணாமல் போடுவேன். அதற்கு மேல் படித்து என்ன கிழித்தார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்டுக்கு முந்தின லீவு நாளில், அவள் மனசு லேசாகட்டும் என்று என் மகன் எங்களை ஷார்ஜாவில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பாக்தாத்காரர்கள், சீனாக்காரர்கள், கான்ஸ்டாண்டிநோபிள்காரர்கள் என்று மூன்று கூடம். பாக்தாத் கூடத்தில் நட்சத்திரம் பார்க்கிற பித்தளைத் தட்டு ஒன்று இருந்தது. இவ்வளவு பூ வேலை செய்தால் இடியாப்பம் எப்படி இறங்கும் என்று கேட்டேன். மகன் அடுத்த கூடத்துக்கு இழுத்துப் போனான். சீனக் கூடத்தில், முங்கின கப்பலிலிருந்து எடுத்த கிண்ணங்களை அடுக்கியிருந்தார்கள். அத்தனை காலம் கடலுக்கடியில் கிடந்தும் விளிம்பு போகவில்லை. என் மருமகள் ஒருமுறை கழுவி வைத்தால் தெரியும் சேதி.

மூன்றாவது கூடத்தின் நடுவில்தான் அவர் நின்றார். ஆள் உயரப் பலகை, பின்னால் ஒரே தங்கம். தலையில் கிரீடம், கிரீடத்துக்குப் பின்னால் வட்டமாக ஒளி. கண் ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. இந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறார், அந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் விசாரிக்க மாட்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அய்யா, அந்தக் கண்ணுல ஒரு துளி என் மருமவளுக்குக் குடு. கண்ணாடியப் பாத்து ஓட்டி அவ பாஸாயிட்டா உனக்குத் தேங்கா" என்று நேர்ந்துகொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் பலகையை வலம் வந்தேன்.

வலம் வந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு வரிசை. பிலிப்பினோப் பெண்கள் சிலர், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தள்ளுவண்டியில் பிள்ளையோடு ஒரு பாகிஸ்தானி. அதுதான் போகிற வழி என்று நினைத்துவிட்டார்கள் போல. வெள்ளைக்கார அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள். நல்ல வளர்ப்பு.

டெஸ்ட் அன்றைக்கு மருமகள் வாசலிலிருந்தே கத்தினாள். "அத்தே! பாஸு!"

"கண்ணாடியப் பாத்தியா ஆத்தா?"

"பாத்துக்கிட்டே இருந்தேன் அத்தே. கொஞ்சம் ரோட்டையும் பாருன்னு அந்தம்மாவே சொல்லிருச்சு."

அன்று சாயங்காலம் நேர்த்திக்கடன் கதையைச் சொன்னேன். என் மகன் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

"ஏம்மா, அது சாமி இல்லம்மா. கான்ஸ்டாண்டிநோபிள்ல ஆண்ட பைசாந்திய ராஜா. அந்தக் காலத்துல ராஜாவுக்கும் அப்படித்தான் வட்டம் போட்டு வரைவாங்க."

"ராஜான்னா என்ன, வேண்டுதலக் கேட்டாருல்ல?"

"அது ஒரிஜினல்கூட இல்ல, நகல். சின்னச் சின்னக் கல்லு ஒட்டிச் செஞ்சது. நம்ம பேக்டரி வாசல்ல ஒடஞ்ச டைல்ஸ் மல மாதிரி கெடக்கு. அதுக்கும் ஒரு தேங்கா ஒடைக்கிறியா?"

அவன் டைல்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் டைல்ஸாகத்தான் தெரியும். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "அந்த ஊர்ல கூடப்பொறந்தவன் கண்ணத் தோண்டிட்டு ராஜாவானவங்கல்லாம் உண்டு" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டான்.

கண்ணைத் தோண்டுகிற ஊர் ராஜாவிடம் கண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடனை வைத்தால் சும்மா விடுவாரா? கொடுத்த கண்ணை ரவுண்டானா நடுவில் திருப்பி வாங்கிக்கொண்டால்? கண்காட்சியையோ அடுத்த வாரம் மூட்டை கட்டி தோஹாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். நேர்த்திக்கடன் தீராமல் நீ ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மருமகளிடம் சொன்னேன்.

"நான் ஓட்டாம ஷார்ஜாவுக்கு எப்படி அத்தே போறது? அவருக்கு டியூட்டி."

யோசித்தேன். "கடன் தீக்க ஓட்டுறது கணக்குல வராது. கௌம்பு."

அவளுக்கு அதுதான் முதல் பெரிய ரோடு. நான் பின்சீட்டில் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவளாவது திறந்து வைத்திருந்தாள்.

கண்காட்சி வாசலில் பையை மிஷினுக்குள் விடச் சொன்னார்கள். திரையில் உருண்டையாக, மேலே குடுமியோடு தேங்காய் தெரிந்தது. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தார். இன்னொருவர் ஓடி வந்தார். மிஷினை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மலையாளி கார்டு வந்தார். நம் ஆட்களோடு ஒரே ரூமில் இருந்து தமிழ் படித்தவராம்.

"அம்மா, தேங்கா எதுக்கு?"

"உள்ள ராஜாவுக்கு ஒடைக்கணும் தம்பி."

"ஒடைக்கணுமா! என் வேலை போகும். மாஃபி தேங்கா! தேங்கா கூடாது!"

மருமகள் தரையைப் பார்த்து நின்றாள். நான் எதற்குக் கூச வேண்டும்? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாஸானாள் என்றதும் அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் தேங்காயைத் தரவில்லை, மேசை மேல் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தேங்காய் சாமிக்கு. இவர் ராஜா என்றுதானே மகன் சொன்னான்? எங்கள் பக்கத்தில் பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பதுதான் மரியாதை. கார்ச் சக்கரத்தில் வைக்க வாங்கிய பழம் ஒன்று பையிலேயே கிடந்தது. மிஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

உள்ளே போய்ப் பழத்தை ராஜாவின் காலடியில் வைத்து, "மொதல்ல ஆளு தெரியாமப் பேசிட்டேன். மருமவ நல்லா ஓட்டுறா. நமக்குள்ள கணக்கு முடிஞ்சுது, கலாஸ்" என்றேன். மருமகளையும் கும்பிடச் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். இடது பக்கம், வலது பக்கம், பின்பக்கம் எல்லாம் பார்த்தாள். டெஸ்டில் பழகிய பழக்கம்.

பின்னாலேயே வந்த கார்டு பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே தின்கிற பொருள் வைக்கக்கூடாதாம். அவர் சட்டம் அவருக்கு. ராஜா பழத்தை வாங்கி, ஆள் மூலம் திருப்பிக் கொடுத்தனுப்பினார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

கிளம்பும்போது கார்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "அம்மா, எனக்கும் டெஸ்ட் இருக்கு. ஒவ்வொரு தடவையும் பார்க்கிங்கிலதான் போகுது. எந்தப் பக்கமிருந்து சுத்தணும்?"

"பார்க்கிங்குன்னா ரிவர்ஸ்தான தம்பி? பின்பக்கமா நடந்து சுத்துங்க. தேங்காய நீங்களே வச்சுக்கங்க. பாஸானதும் ரூம்ல ஒடைங்க."

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். யூனிபார்மோடு கையைக் கூப்பிக்கொண்டு, தோளுக்கு மேல் பார்த்துப் பார்த்து, ராஜாவைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். பலகையில் இடிக்கவே இல்லை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

வெளியே மருமகள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்கினாள். இந்த முறை நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், கண்ணைத் திறந்துகொண்டு. முதல் ரவுண்டானாவில் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், நுழைந்தாள். எந்தப் பக்கம் வெளியே போவது என்று மட்டும் தெரியவில்லை. அதனால் அதையும் வலம் வந்தோம்.