காஸ்னெலின் படகில் ஏறாதவள்

பெரிய தீவின் செயின்ட் ஜார்ஜ் துறையிலிருந்து கரியாகூ என்ற சிறு தீவுக்கு இரண்டு படகுகள். காலை பத்து மணிக்கு மரப்படகு. ஆடு, சிமெண்டு மூட்டை, கட்டில், பீரோ என்று ஊரையே ஏற்றிக்கொண்டு, கரை ஓரமாகவே அசைந்து அசைந்து நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும். மதியம் மூன்றரைக்கு விரைவுப் படகு. இரண்டே மணி நேரம்தான். ஆனால் வடக்கே கிக்கெம் ஜென்னி இருக்கிறதே, கடலுக்கடியில் எரிமலை, அந்தப் பக்கம் போகும்போது குடலைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடும்.

ஐவரின் குவாஷி இருபத்தாறு வருஷமாக விரைவுப் படகில்தான் ஊருக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்தாள். மரப்படகு காஸ்னெல் ஈனோவுடையது. அதில் கால் வைப்பதைவிட வாந்தி எடுப்பதே மேல் என்று இருந்தாள்.

காரணம் கரியாகூவில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அப்பா ஜோசாயாவுக்கு ஒருநாள் விடியற்காலை நெஞ்சுவலி வந்தது. உடனே செயின்ட் ஜார்ஜில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி ஓடினார்கள். கரியாகூ படித்துறைக்கு வந்தபோது காஸ்னெலின் படகு கயிறு அவிழ்த்து, முப்பது அடி தள்ளிப் போயிருந்தது. ஐவரின் தொண்டை கிழியக் கத்தினாள். காஸ்னெல் திரும்பிப் பார்த்தான். நாற்காலியையும் பார்த்தான். மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "படகு யாருக்கும் நிக்காது!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஜோசாயா அந்த நாற்காலியிலேயே கண்ணை மூடினார்.

அந்த வருஷமே ஐவரின் செயின்ட் ஜார்ஜுக்குக் குடிபெயர்ந்தாள். அப்பா போய்ச்சேராத அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள், ஒரே மகன் டெரானை வளர்த்தாள், காஸ்னெலைச் சபித்தாள். மூன்றையும் ஒருநாளும் விட்டதில்லை.

அந்த டெரான்தான் காஸ்னெலின் மகள் ஷெர்மாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றான். ஐவரின் பத்து நாள் அவனோடு பேசவில்லை. பதினோராவது நாள், "கல்யாணத்துக்குக் கேக்கு நான்தான் செய்வேன்" என்று மட்டும் சொன்னாள்.

கரியாகூ கல்யாணத்தில் கேக்கு வெட்டுவதற்கு மட்டுமில்லை, ஆடவும் வேண்டும். பெண் வீட்டுக் கேக்கும் மாப்பிள்ளை வீட்டுக் கேக்கும் கையில் ஏந்தப்பட்டுத் தெருவில் எதிரெதிராக ஆடிவரும். இரண்டு வீட்டுக் கொடிகளும் எது உயரம் என்று மோதிக்கொள்ளும். கேக்கு கொஞ்சம் சாய்ந்தாலும் எதிர்க்கட்சி மானத்தை வாங்கிவிடும். காஸ்னெலின் கொடிக்கு முன்னால் தன் கேக்கு கோபுரம் மாதிரி நிற்க வேண்டும், அதுதான் ஐவரினுக்கு வேண்டியது. ஒரு வருஷம் ரம்மில் ஊறிய பழங்களைப் போட்டு மூன்று அடுக்கு சுட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஷெர்மா போன் செய்தாள்.

"அத்தை, கடல் ரொம்ப மோசமா இருக்கு. விரைவுப் படகு வேண்டாம். அப்பா படகுல வாங்க, ஆடாம அசையாம வந்துரும்."

"உங்கப்பன் படகுலயா? அதுக்கு நான் கேக்கைத் தலையில வெச்சுக்கிட்டு நீஞ்சியே வந்துருவேன்டி."

"அத்தை, கேக்கு உடைஞ்சுரும் அத்தை."

"உடைஞ்சா என் கேக்கு. போனை வை."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே, ஆஸ்பத்திரி வேன் கிடைத்த நேரத்தில், அவள் துறைக்கு வந்துவிட்டாள். மரப்பெட்டியைப் பெஞ்சில் வைத்து, பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்தாள். நேர் எதிரே மரப்படகு. பத்து மணி ஆனது, கிளம்பவில்லை. பத்தே காலும் ஆனது. பயணிகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். காஸ்னெல் கீழே இறங்கிவந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஞ்சின் படுத்துவிட்டது போல, நல்லா வேணும் என்று உள்ளுக்குள் குளிர்ந்தாள். பத்து நாற்பதுக்குப் படகு போனது.

விரைவுப் படகில் பெட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள். கிக்கெம் ஜென்னி அருகே படகு மேலே எழும்பி எழும்பித் தொப்பென்று விழுந்தது. நாலாவது தடவை விழுந்தபோது பெட்டிக்குள் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு அவளுக்கு வாந்திகூட வரவில்லை.

கரியாகூ படித்துறையில், முன்னமே வந்திருந்த டெரான் பெட்டியை இறக்கினான். அவள் அங்கேயே மூடியைத் திறந்தாள். மேலடுக்கு நடுவடுக்குக்குள் இறங்கி, ஒரு பக்கம் முழுக்கப் பிளந்து கிடந்தது.

சரக்கு இறக்கிக்கொண்டிருந்த காஸ்னெல் கையைத் துடைத்தபடி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என் படகுல வந்திருக்கலாம்ல, ஐவரின்?"

"உன் படகா? அதுதான் யாருக்கும் நிக்காதே!"

"நின்னுச்சு. இன்னிக்கு நின்னுச்சு. நாப்பது நிமிஷம். ஆளாளுக்கு என்னைக் கேட்காத கேள்வி கேட்டாங்க. நீ பெட்டியோட எந்திரிச்சு வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவன் குரல் தழைந்திருந்தது. இதைக் கேட்டால் அவள் மனம் இளகும் என்றே நினைத்திருப்பான்.

ஐவரின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் அவன் கல், யாருக்குமே நிற்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துத்தான் வெறுத்தாள். அந்த வெறுப்பில்கூட ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

"அப்ப உனக்கு நிக்கத் தெரியும்," என்றாள். "ஒரு கேக்குக்கு நாப்பது நிமிஷம் நிக்கத் தெரியும். எங்கப்பனுக்கு அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா என்னய்யா உனக்கு?"

"அம்மா, விடும்மா" என்று டெரான் அவள் தோளைத் தொட்டான்.

"கல்யாணம் நடக்கும்டா. நான் ஆடவும் ஆடுவேன்."

மறுநாள் காலை, சர்க்கரைப் பூச்சு குழைத்துப் பிளவை மூடித் தருவதாக இரண்டு பெண்கள் வந்தார்கள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று விரட்டிவிட்டாள்.

மதியம் பிடிலும் மேளமும் முழங்கத் தெரு நிறைந்தது. பெண் வீட்டுக் கேக்கு சிங்காரமாக வந்தது. பின்னாலேயே காஸ்னெல், கையில் கொடி. எதிரே ஐவரின் வந்தாள். அவள் கேக்கைக் கண்டதும் பெண் வீட்டார் ஹோவென்று சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக் கேக்கு மண்ணைக் கவ்விருச்சு டோய்!"

"ஏன் கவ்வுச்சுன்னு என் சம்பந்தியைக் கேளுங்கடா!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

அவள் வலப்பக்கம் சுழன்றாள், இடப்பக்கம் சுழன்றாள். எப்படிச் சுழன்றாலும் பிளந்த பக்கத்தைக் காஸ்னெலின் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தாள். டெரானின் நண்பர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கொடியை வானத்துக்குத் தூக்கினார்கள். தங்கள் கொடியை உயர்த்தச் சொல்லிப் பெண் வீட்டார் காஸ்னெலின் முதுகில் குத்தினார்கள், கெஞ்சினார்கள். ஆட்டம் முடியும்வரை அவன் அதைத் தூக்கவே இல்லை.