உட்கார வைத்து எடுத்த அளவு

மனிதர் என்றால் உட்காருகிறவர் என்பதுதான் அத்தையின் நினைப்பு. பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக சீட்டுகளுக்கு உறை தைக்கிறவளுக்கு வேறு என்ன நினைப்பு வரும்? பட்டறையில் அவளுக்குச் சீட்டம்மா என்று பெயர். ரெக்சினைக் கோடு போடாமலே வெட்டுவாள். கோடு போடச் சொன்னால், "ஏன், எனக்குக் கண்ணு தெரியலையா?" என்பாள். அவள் தைத்த உறையில் எத்தனை பேர் ஏறி இறங்கித் தேய்த்தாலும் ரெக்சின்தான் கிழியுமே தவிர தையல் விடாது.

அவள் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "என் கல்யாண கவுன அத்தைதான் தைக்கணும். தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் சேத்து."

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி தலகாணி உறை தைப்பாங்க, ஜன்னலுக்குத் திரை தைப்பாங்க. கல்யாணத்துல நாலு பேர் பாக்கற துணி அப்படியா?"

"பஸ்ஸுல நாப்பது பேர் பாக்கறாங்களே, பரவாயில்லையா?" என்றான் தம்பி.

"பாக்கறாங்களா? அது மேல உக்காருறாங்க."

அந்த வீட்டில் அத்தையிடம் எத்தனையோ உதவி கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல்காரருக்குத் துணை, பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக ஆள் என்று கேட்டதற்கெல்லாம் அவள் எழுந்து போயிருக்கிறாள். அவள் கைவேலையை ஆசைப்பட்டு ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இதை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பெண்ணுக்குப் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கவுனைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்வது. அத்தை தைத்தது சரியாக இருந்தால் கடைக் கவுனை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. சரியா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பைத் தம்பி மனைவி தானே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே அத்தை மூன்று பெண்களையும் சமையலறை ஸ்டூலில் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து டேப்பைச் சுற்றினாள். கழுத்திலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால் வழியாகத் தரை. எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தாள். பட்டறையில் பழகின பழக்கம் அது. எழுந்து நில் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. பெண்களும் தையற்காரரிடம் அவ்வளவாகப் போனவர்கள் இல்லை. அளவு என்றால் இப்படித்தான் எடுப்பார்கள் போல என்று இருந்துவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் மூன்று கவுனும் முடிந்தன. ஒரு சனிக்கிழமை மாலை கூடத்தில் போட்டுப் பார்த்தார்கள். மூத்தவள் கண்ணாடி முன்னால் நின்றாள். முன்பக்கம் தரையைப் பெருக்கியது. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே துணி பை மாதிரி தொங்கியது. உள்ளே ஒரு தலையணை வைக்கலாம். தங்கைகள் இருவருக்கும் அதே கதி. சின்னவள் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்து, "அத்தை, இதுல இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்றாள். நடுத்தங்கை அவளைக் கிள்ளினாள்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் உக்காரு" என்றாள் அத்தை, மூத்தவளிடம்.

உட்கார்ந்ததும் கவுன் ஒரு சுருக்கம் இல்லாமல் உடம்போடு பொருந்தியது. அப்போதுதான் அத்தைக்கு விஷயம் விளங்கியது. "தப்பு என்னோடதுதான்" என்றாள். சாக்குச் சொல்லவில்லை. துணி மோசம், மிஷின் மோசம் என்று ஒரு வார்த்தை இல்லை.

"கடைக்குப் போன் பண்ணி நாளைக்கு வரோம்னு சொல்லிடறேன்" என்றாள் தம்பி மனைவி.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் எடுத்து வெச்சிருப்பாங்கல்லம்மா?" என்றாள் கல்யாணப் பெண். "அதுவரைக்கும் அத்தைகிட்டயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை அத்தை பட்டறையில் ஐந்து நாள் லீவு கேட்டாள். மேஸ்திரிக்கு நம்ப முடியவில்லை. "உடம்பு சரியில்லையா சீட்டம்மா?" என்றார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. அளவுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பிரிப்பதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. தான் போட்ட தையலின் உறுதி என்ன என்று அவள் விரல் நுனிக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு பெண்களை நிற்க வைத்து மறுபடி அளவெடுத்து, மூத்தவளுடையதை முதலில் தைத்தாள். புதன்கிழமை போட்டுப் பார்த்தபோது நிற்கையில் அச்சடித்த மாதிரி இருந்தது. உட்கார்ந்ததும் இடுப்பில் இழுத்துப் பிடித்தது. பெண் மூச்சை அடக்கிக்கொண்டு, "பரவாயில்ல அத்தை, கடைத் துணி எல்லாமே இப்படித்தான்" என்றாள்.

"கடைத் துணி இப்படித்தான்னா நான் எதுக்குத் தைக்கறேன்? கழட்டு."

சீட்டில் சாய்கிற பாகமும் உட்காருகிற பாகமும் சேரும் இடத்தில் அத்தை எப்போதும் உள்ளே ஒரு மடிப்பு விடுவாள். ஆள் உட்கார்ந்து ஸ்பாஞ்ச் அமுங்கினால் அந்த மடிப்பு விரிந்துகொடுக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். தையல் விடாததன் ரகசியமே அதுதான். இத்தனை வருடம் ரெக்சினில் செய்ததை அவள் மெல்லிய துணியில், பின் இடுப்பின் இரண்டு பக்கமும், விரலகலத்தில் வைத்தாள். முதல் மடிப்பு வெளியே துருத்திக்கொண்டு நின்றது; பிரித்தாள். இரண்டாவது கோணலாகப் போனது, பிரித்தாள். மூன்றாவது, வெள்ளிக்கிழமை மத்தியானம், சொன்னபடி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள், கடைக்குக் கிளம்பத் தயாராக. மூத்தவள் கவுனோடு நின்றாள். தம்பி மனைவி அவளை இரண்டு முறை சுற்றி வந்தாள். இடுப்புக்குக் கீழே துணியை நீவிப் பார்த்தாள்.

"உக்காரு."

பெண் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரு. எழுந்திரு. குனிஞ்சு அந்த ஊசிய எடு. திரும்ப உக்காரு."

பெண் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாள். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. மடிப்பு எங்கே இருக்கிறது என்று தம்பி மனைவி விரலால் தேடிக் கண்டுபிடித்து, அதை விரித்து, விட்டு, மறுபடி விரித்துப் பார்த்தாள். அவளும் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ விசேஷங்களில் மூச்சை அடக்கி உட்கார்ந்தவள்தான்.

"இத யாருகிட்ட கத்துக்கிட்டீங்க அண்ணி?"

"பஸ்ஸுகிட்ட."

தம்பி மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "ஹலோ, ஒரு வெள்ளைக் கவுன் எடுத்து வெக்கச் சொல்லியிருந்தேனே... ஆமா... வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்க வீட்டுலயே தைச்சாச்சு." எதிர்முனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க, வெளியாளுக்கெல்லாம் தைக்க மாட்டாங்க" என்று கொஞ்சம் மிடுக்காகவே சொல்லிவிட்டு வைத்தாள்.

அத்தை அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ரொம்ப நேரம் போட்டுக் கசக்காத, கழட்டிக் குடு" என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டு, நடுத்தங்கையின் கவுனை மடியில் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இன்னும் நாலு மடிப்பு பாக்கி இருந்தது.