ஒரே மாதிரி இரண்டு குப்பிகள்

தங்கை துபாயிலிருந்து இரண்டு குப்பி வைட்டமின் கொண்டுவந்தாள். ஒன்று தீர்ந்ததும், என் கணவரின் பிரஷர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட்டுவைத்தேன். அதுவும் வைட்டமினைப் போலவே வெள்ளை வட்ட மாத்திரைதான். கல்ஃப் குப்பியைத் தூரக் களைய எங்கள் ஊரில் யாருக்கு மனம் வரும்?

இரவில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்காகத்தான் வைட்டமின். பிடிப்பு குறையவில்லை, கூடியது. வீம்புக்கு இரண்டிரண்டாகத் தின்றேன். கட்டிலில் அலறினேன்.

வடசேரி டாக்டர் குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தார்.

“இது வைட்டமின் இல்லம்மா, பிரஷர் மாத்திர. ஒடம்புல உள்ள தண்ணிய வெளிய எடுத்திரும். பின்ன காலு பிடிக்காம என்ன செய்யும்?”

என் புத்தியை நானே ஏசிக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இந்த ஒரு மாதமாக அவர் பிரஷருக்குத் தின்றது வைட்டமினையா?

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.