புளி போட்டுத் துலக்கிய கிண்ணம்

புளியும் சாம்பலும் ஈரத்தில் சேர்ந்து எழுப்பும் வாடை எங்கிருந்து வந்தாலும், இன்றும் என் கண் முதலில் வாசலுக்குத்தான் போகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடுகளில், எங்கள் பேச்சில் கோட்டர்ஸில், குடியிருந்தோம். அப்பா தண்டவாளம் பார்க்கும் ஆட்களுக்குக் கங்காணி. ஒரு சனிக்கிழமை, கிள்ளான் போகும் ரயில் பாதையில் மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளும்போது, பச்சைப் படலம் மூடிய வெண்கலக் கிண்ணம் ஒன்று அகப்பட்டது. எஞ்சினியர் துரை திங்கட்கிழமைதான் வருவார் என்பதால், அப்பா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார்.

கூடவே வந்த, அப்பாவின் ஆட்களில் ஒருவரான முனியாண்டி அண்ணன் விடவில்லை. "கண்டெடுத்தது நாமண்ணே. துரை என்னைக்கு மண்வெட்டி பிடிச்சாரு?"

"வாய மூடுடா. லைன்ல கெடக்குற ஆணிகூட சர்க்காருது. வீட்டுல வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா திருட்டும்பான். வேலையும் போகும், கோட்டர்ஸும் போகும்."

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு அன்றைக்கும் இருப்புக் கொள்ளாது. கிண்ணம் யாருக்குச் சேரும் என்று சிலேட்டில் எழுதினேன்: ஒன்று, துரை; இரண்டு, முனியாண்டி அண்ணன்; மூன்று, இது தன் பாட்டன் நிலத்து மண் என்று அங்கேயே சொல்லிவிட்ட, சரிவுக்கு மேலே தோட்டம் வைத்திருந்த மலாய்ப் பெரியவர். நான்காவதாக, முதலில் அதை வைத்திருந்தவர் என்று எழுதி, பெயர் தெரியாததால் அந்த இடத்தில் வெறும் கோடு போட்டு வைத்தேன். அப்பா பார்த்ததும் உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்தார்.

ஞாயிறு காலை அப்பா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பியபோது, குழாயடியில் கிண்ணம் பொன்னாக மின்னியது.

"துரை வீட்டுக்குப் போற ஏனம், அழுக்கோடவா குடுக்குறது?" என்றாள் அம்மா, கையில் தேங்காய் நாரோடு.

பச்சையோடு சேர்ந்து ஒரு பக்கத்துச் சுருள் கோடுகளும் போயிருந்தன. அப்பா குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாங்கள் மூவரும் கொல்லைச் சேற்றை எடுத்து அதன் மேல் பூசினோம். பூசப் பூச உதிர்ந்தது.

திங்கட்கிழமை துரை வாங்கிக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அதன்பின் பல மாதம், ஆபீஸ் பியூன் எங்கள் வரிசையில் திரும்பினாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

போன மாதம் மியூசியத்தில் அதைப் பார்த்தேன். கண்ணாடிக்குள், சீட்டில் கொடுத்தவராகத் துரையின் பெயர். கீழே, ஒரு பக்கத்து வேலைப்பாடு மண்ணில் அரித்துப்போனது என்ற குறிப்பு. நான் இப்போது நில அளவை ஆபீஸில் வரைபட நகல் எடுக்கிறேன். சரிவை வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள், தோட்டமும் இல்லை; ஆனாலும் கிண்ணம் கிடைத்த இடத்தை என்னால் புள்ளி வைத்துக் காட்ட முடியும். எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, கோடுகள் எப்படிப் போயின என்று மூன்று வரி எழுதி, மியூசியத்துக்கு அனுப்பட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். "வேணாம் தாயி. கோட்டர்ஸ் போயிரும்."

அந்த வரிசை வீடுகளை இடித்து நான்கு வருடமாகிறது.